பின்சுவருக்கு அந்தப் பக்கம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மகளுக்கு கம்பளையில் ஆசிரியர் நியமனம் கிடைத்ததை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே பண்டாரவளையில் மூன்று நாளாக மழை. வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். லைசன்ஸ் கிடைத்த பிஸ்டலை டம்மி ரவை வைத்து வீட்டிலேயே பழகலாமா என்று கேட்டிருந்தாய். பழகலாம், பழகத்தான் வேண்டும். உண்மை ரவையைச் சுடும்போது வெடிச்சத்தத்தில் நம் கை செய்யும் தவறு நமக்கே தெரியாது. டம்மியில் மருந்து இல்லை. ஊசி குத்தும் இடத்தில் ஒரு ஸ்பிரிங்கோ ரப்பரோதான் இருக்கும். விசை விழும் நொடியில், குறி பார்க்கக் குழல் நுனியில் இருக்கும் முன்குறி கீழே சரிவதைக் கண்ணால் பார்க்கலாம். குழல் நுனிப்பக்கம் மேலே ஒரு 5 ரூபாய்க் குற்றியை வைத்து, அது விழாமல் விசையை அழுத்திப் பார். முதல் வாரம் எனக்கு பத்துக்கு எட்டு விழுந்தது.

ஆனால் மச்சான், டம்மி வாங்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்று மட்டும் நினைக்காதே. உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பொலிஸில் சேர்ந்த மூன்றாம் வருசம், தங்குமிடத்தில் சுவரில் குறிக்கு ஒரு காகிதம் ஒட்டி டம்மியில் பழகினேன். முடித்துவிட்டு, இரவுக் கடமைக்காக உண்மை ரவையைப் போட்டு எழுந்தேன். காகிதம் சுவரிலேயே இருந்தது. “இன்னும் ஒரு தரம்” என்று கை தானாக உயர்ந்தது. ரவை பலகைத் தடுப்பைத் துளைத்துப் போய், பக்கத்து அறையில் ஒருவன் மடித்து வைத்திருந்த கம்பளியில் நின்றது. பத்து நிமிசத்துக்கு முன்புதான் அவன் குளிக்க எழுந்து போயிருந்தான். அந்தக் கம்பளியின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் உண்மை ரவை எல்லாம் வேறு அறையில், அலுமாரியில், பூட்டில் இருக்கட்டும். முதலில் ரவைகளை அடுக்கும் மெகசினைக் கழற்று, அதற்குப் பிறகுதான் பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழு. மாற்றிச் செய்தால் மெகசினிலிருந்து இன்னொரு ரவை உள்ளே ஏறிவிடும். மெகசின் கையில் வந்துவிட்டது, துவக்கு வெறுமை என்று எண்ணித்தான் பலர் உயிரை விட்டிருக்கிறார்கள். குழலுக்குள் ஒன்று இருக்கும். கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார். டம்மி சிவப்போ ஊதாவோ பளிச்சென்ற நிறத்தில் இருக்க வேண்டும். பழைய பித்தளைக் கோதில் யாராவது செய்து தந்தால் வாங்காதே, உண்மையானதோடு கலந்துவிடும்.

எல்லாவற்றையும் விட, எந்தச் சுவரைப் பார்த்து நிற்கிறாய் என்பது பெரிய விசயம். நாம் பிறந்த தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அந்தச் சுவரை நம்பி ஒருநாளும் துவக்கை நீட்டாதே. என் வீட்டில் பின்சுவருக்கு வெளியே மலையை வெட்டிய மண்மேடு இருக்கிறது. அந்தப் பக்கம் பார்த்துத்தான் நிற்பேன், அதுவும் பத்து நிமிசம்தான். முடிந்ததும் காகிதத்தைக் கிழித்தெடுத்து, “முடிந்தது” என்று வாய்விட்டுச் சொல்வேன். அதற்குப் பிறகு அன்றைக்கு அந்தப் பேச்சே கிடையாது.

அப்புறம், முறிந்த வலது மணிக்கட்டை நினைத்துக் கவலைப்பட்டிருந்தாய். ஹங்கேரியில் கரோலி தகாச் என்றொரு ராணுவ வீரர். 1938இல் கைக்குண்டு வெடித்து வலது கை சிதைந்தது. இடது கையில் பழகி 1948, 1952 இரண்டு ஒலிம்பிக்கிலும் பிஸ்டலில் தங்கம் வாங்கினார். உனக்குத் தங்கம் வேண்டாம், நடுங்காத கை போதும். அது வந்துவிடும்.

பொங்கலுக்கு தலவாக்கலைக்கு வரப் பார்க்கிறேன். அதுவரை துவக்கை வெளியே எடுக்காதே. பதில் எழுதும்போது, உன் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

உன் பழைய வாங்குத் தோழன்