அப்பாவுக்காக ஓடிய எல்லாருக்கும்

தங்கச்சிமடம், பாம்பன் சொந்தங்களே, மதுரையில் எங்களுக்குக் கை கொடுத்தவர்களே,

பக்கவாதம் வந்து படுத்த அப்பா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார், இடது கையால். வலது கால் தரையில் ஊன்றுகிறது. பேச்சில் சில வார்த்தைகள் மட்டும் மாட்டிக்கொள்கின்றன, என்னைக் கூப்பிடப் போய் அத்தை பெயரைச் சொல்கிறார். ஆளாளுக்குப் போனில் விசாரிக்கிறீர்கள், தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு. விடியக்காலை அப்பா வாய் கோணி, வலது கை துவண்டு கிடந்தபோது, புறா ரத்தம் தேய்த்தால் சரியாகிவிடும் என்றார் ஒருவர், எண்ணெய்க்கட்டு போடலாம் என்றார் இன்னொருவர் (யார் என்று எழுத மாட்டேன், நல்ல மனசில் சொன்னதுதான்). பெரியம்மா யாரையும் கேட்கவில்லை. 108-க்குப் போன் போட்டுவிட்டு, வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும் என்று கட்டில் பக்கத்திலேயே காவலுக்கு நின்றுகொண்டார்.

108-இல் வந்த தம்பி கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்பதுதான். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கும்போது நன்றாகத்தான் இருந்தார் என்றோம், அதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரி மதுரை வரைக்கும் எங்களோடு வந்தது. ராமநாதபுரத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்றார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம், தூக்கத்தில் வந்த வாதத்துக்கு எந்த நேரத்திலிருந்து கணக்குப் போடுவது? பரமக்குடி, மானாமதுரை என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியைப் பறக்கவிட்டு, ஒரு குலுக்கலும் இல்லாமல் கொண்டுபோன டிரைவர் அண்ணனுக்கு நன்றி.

மதுரை போய்ச் சேரும்போது மணி பத்து. படுத்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் பன்னிரண்டு மணி நேரம், கதை முடிந்தது என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியின் பெயரும் தன் பெயரும் போட வேண்டாம் என்று டாக்டர் அம்மாவே சொல்லிவிட்டார், சரி. ஆனால் அவர் விளக்கியதை எழுதாமல் இருக்க முடியாது. மூளையில் ஏற்கெனவே செத்துப்போன இடம் எவ்வளவு, ரத்தம் குறைந்தும் இன்னும் உயிரோடு தவிக்கிற இடம் எவ்வளவு என்று எம்.ஆர்.ஐ. பார்த்துத்தான் முடிவெடுப்பேன் என்றார். கடல் வத்தும்போது பள்ளத்துத் தண்ணீரில் மீன் துடித்துக்கொண்டு கிடக்குமே, தண்ணீர் ஏறினால் பிழைத்துக்கொள்ளும், அந்த இரண்டாவது இடம் அப்படித்தான் என்று நான் சித்தப்பாவுக்குச் சொல்லிப் புரியவைத்தேன்.

ஸ்கேன் அறையில் இருந்த டெக்னீஷியன் அண்ணனுக்குத்தான் பெரிய கடன்பட்டிருக்கிறோம். தொண்டிக்காரர். அப்பா கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார், அரைஞாண் கயிற்றின் முடிச்சு உப்புத் தண்ணீரில் இறுகிப்போய் அவிழவே இல்லை, கத்தரிக்கோலால் வெட்டினார். கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் தெறித்திருக்கிறதா என்று கேட்டார், எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் இழுத்தால் கண்ணே போய்விடுமாம். அப்பா படகு இன்ஜின் வேலையும் பார்ப்பவர் ஆயிற்றே, சித்தப்பாவிடம் கேட்டு இல்லை என்று உறுதி செய்த பிறகே உள்ளே விட்டார். படத்துக்கான மருந்து ஏற்றி, அது ரத்தத்தோடு மூளைக்குள் ஓடுவதை மறுபடி மறுபடி படமெடுக்கும்போது தலை அசையக் கூடாது. "அய்யா, இன்னும் கொஞ்சந்தான், தலையை ஆட்டாதிய" என்று நம்ம ஊர்ப் பேச்சில் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அப்பா அடங்கிக் கிடந்தார் என்பது என் நம்பிக்கை.

படத்தை டாக்டர் அம்மா எனக்கும் காட்டினார். இடது பக்கம் சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு, அது போனது போனதுதான். அதைச் சுற்றிப் பெரிய பரப்பில் மருந்து ஆறு விநாடிக்கும் மேல் தாமதமாக வருகிறது, அதுதான் காப்பாற்ற வேண்டிய இடம். இன்னொரு படத்தில் அந்தப் பக்கத்துச் சிரைகள் மட்டும் கறுப்பாகத் தடித்துத் தெரிந்தன. ரத்தம் குறையும்போது மூளை கிடைத்த ரத்தத்திலிருந்தே கூடுதலாக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும், ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் காந்தத்துக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும், அதனால்தான் அந்தக் கறுப்பு. இந்தக் காந்த குணத்தை 1936-லேயே லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் கண்டுபிடித்தார்கள், 1990-இல் செய்ஜி ஒகாவா அதை எம்.ஆர்.ஐ. படத்தில் காட்டினார் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்களுக்கும் சேர்த்தே நன்றி, தங்கச்சிமடத்திலிருந்து.

ஆறிலிருந்து பதினாறு மணி நேரம் ஆனவர்களுக்கும் இப்படிப் படம் பார்த்து ஆள் தேர்ந்து அடைப்பை எடுத்தால் பலன் உண்டு என்று 2018-இல் டெஃப்யூஸ் 3 என்ற ஆய்வு காட்டியிருக்கிறது. அப்பா அந்தக் கணக்குக்குள் வந்தார். தொடை வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். சாயந்திரம் வலது கை விரல் லேசாக அசைந்தது.

காப்பீட்டு அட்டைக்காக அலைந்த மச்சான், ராத்திரி முழுக்க அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்த நர்ஸ் அக்காக்கள், ஆஸ்பத்திரி வாசலில் காசு வாங்காமல் டீ கொடுத்த அண்ணன், எல்லாருக்கும் நன்றி. பணம் கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து தம்பி கடலுக்குப் போகத் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் கொடுத்துவிடுவோம், வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்பா கோபப்படுவார். பார்க்க வருகிறவர்கள் சாயந்திரம் வாருங்கள், காலையில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி இருக்கிறது.