பில்லில் இன்னும் ஒரு வரி: கார் ட்யூனிங் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

கார்களுக்கு வேகமும் பிடிப்பும் கூட்டித் தரும் பட்டறைக்காரர்களுக்கு,

வணக்கம். உங்கள் தொழிலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. டர்போ இழுக்கத் தொடங்கியதும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும் சுகம் எனக்கும் பிடிக்கும். அதோடு, நீங்கள் செய்யும் வேலைகளில் பல விபத்தையே தவிர்க்கக்கூடியவை. ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும் டயர், சூடேறினாலும் தளராத பிரேக் பேட், சக்கரத்தின் துள்ளலை அடக்கும் டாம்பர் தேய்ந்துபோனால் அதற்குப் பதில் புதியது, இதிலெல்லாம் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

நான் பேச வந்தது, அத்தனையும் இருந்தும் கார் மோதிவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றி. காரை விடும்போது எத்தனை குதிரைத்திறன் கூடியது என்று அச்சடித்த வரைபடமே கையில் கொடுக்கிறீர்கள். மோதலில் காப்பாற்றுவதற்கென்று இருந்தவற்றில் எது போனது என்பதை யாரும் எழுதித் தருவதில்லை.

எடைக் குறைப்பை எடுத்துக்கொள்வோம். எடை குறைந்த கார் மோதினால் அப்பளமாகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. 1200 கிலோ காரும் 1600 கிலோ காரும் ஒவ்வொன்றும் மணிக்கு 50 கிலோமீட்டரில் வந்து நேருக்கு நேர் மோதினால், சின்னக் காரின் வேகம் ஒரே அடியில் ஏறக்குறைய 57 கிலோமீட்டர் மாறும். அந்தக் காரில் 100 கிலோவைக் குறைத்துவிட்டால் அது 59 ஆகும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த 100 கிலோ எங்கிருந்து போனது? ஸ்பேர் வீல், பின் சீட், தரைக்கடியில் ஒட்டிய சத்தத் தடுப்புத் தகடு என்றால் சரி, போகட்டும். கதவுக்குள் ஓடும் பக்கவாட்டு இரும்புக் குழாய் என்றால் கதை வேறு. கதவுக்கும் உட்காருபவரின் இடுப்புக்கும் நடுவே நசுங்க இடமே கொஞ்சம்தான். அங்கே அந்தக் குழாய் செய்யும் வேலையை வேறு எதுவும் செய்யாது.

முன்பக்கத்துக்கு வருவோம். டர்போவின் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பெரிதாக இருந்து உட்காரவில்லை என்று பம்பருக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டத்தை அறுப்பதை நிறையப் பார்க்கிறோம். வெளியே பிளாஸ்டிக் பம்பரை மாட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது. இடப்பக்கம் வாங்கிய அடியை வலப்பக்கச் சட்டத்துக்கும் பகிர்ந்து கொடுப்பது அந்தச் சட்டம்தான். கார் திட்டமிட்டபடி நசுங்கினால்தான் உள்ளே இருப்பவர் பிழைப்பார் என்பதை பேலா பாரெனி என்ற மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் 1950களிலேயே யோசித்துக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1959இல் அது விற்பனைக் காருக்குள் வந்தது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போலப் பதினாறு மடங்கு விசை. நசுங்கும் தூரம் பாதியானால் முப்பத்துமூன்று மடங்கு. உடல் தாங்குவதும் தாங்காததும் அந்த 30 சென்டிமீட்டரில் இருக்கிறது. அறுத்து வலுவிழக்கச் செய்வதும் கெடுதல்தான், முன்சட்டம் முழுவதையும் குழாயால் கட்டி நசுங்கவே விடாமல் இறுக்குவதும் கெடுதல்தான்.

அப்புறம் ரோல் கேஜ், அதாவது காருக்குள் இரும்புக் குழாய்களால் கட்டும் கூண்டு. பந்தயக் காரில் உயிர் காத்தது, சாலைக் காரிலும் காக்கும் என்பது வாடிக்கையாளரின் நம்பிக்கை. பந்தயத்தில் ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட் இருக்கும், உடம்பை ஹார்னெஸ் என்ற பல பட்டை பெல்ட் சீட்டோடு கட்டியிருக்கும். சாலையில் வெறுந்தலை, மூன்று முனை பெல்ட். பக்கவாட்டில் அடி விழுந்தால் தலை வீசிக்கொண்டு போய் நிற்பது நீங்கள் அழகாக வெல்டிங் செய்த அந்தக் குழாயில்தான். குழாய்க்கு மேலே சுற்றிய மெத்துமெத்தென்ற ஃபோம் பார்வைக்கு நன்றாக இருக்கும், வெறுந்தலைக்கு அது போதாது.

கேஜ் வேண்டாம், ஹார்னெஸ் மட்டும் போதும் என்பவர்களும் உண்டு. நான்கு முனை ஹார்னெஸில் கால்களுக்கு நடுவே வரும் பட்டை இல்லை. முன் மோதலில் தோள் மேல் வரும் பட்டைகள் இடுப்புப் பட்டையை மேலே இழுக்க, உடம்பு அடியில் வழுக்கும். இடுப்பெலும்பு வாங்க வேண்டிய அடியை வயிறு வாங்கும். இரு தோள்களையும் இறுக்கிக் கட்டிவிட்டால் முன்னே பாய்வது தலை மட்டும், அந்தச் சுமை மொத்தமும் கழுத்துக்கு. 2001இல் அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் கார் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்துதான். தலையையும் கழுத்தையும் பிடித்து நிறுத்தும் ஹான்ஸ் கருவியை ராபர்ட் ஹப்பர்ட் 1980களிலேயே உருவாக்கியிருந்தார். அன்று எர்ன்ஹார்ட் அதை அணிந்திருக்கவில்லை. அந்தப் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு அந்த வகைக் கருவிகளைக் கட்டாயமாக்கியது அதே ஆண்டின் பிற்பகுதியில். சாலைக் காரில் கடைக்குப் போக யார் இதை மாட்டிக்கொள்ளப் போகிறார்கள்?

நில்ஸ் போலின் 1959இல் வால்வோவுக்காக வடிவமைத்த மூன்று முனை பெல்ட்டைப் பழசு என்று தள்ளிவிடுகிறோம். இன்றைய காரில் அது தனியாக வேலை செய்வதில்லை. மோதிய கணம் பெல்ட்டை இழுத்து இறுக்க ஒன்று, மார்பெலும்பு முறியாமல் அளவோடு விட்டுக்கொடுக்க ஒன்று, அந்த விட்டுக்கொடுத்த இடைவெளியில் கண் இமைப்பதற்குள் விரிந்து நிற்க ஏர்பேக். எல்லாம் ஒன்றுக்கொன்று நேரம் பார்த்து வைத்தவை. உடம்பை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் பந்தயப் பாணி பக்கெட் சீட் போடும்போது பழைய சீட்டோடு அதன் பக்க ஏர்பேக்கும் போகிறது. பல கார்களில் பக்கிளை இழுக்கும் அமைப்பும் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சரும்கூட அதோடு போகின்றன.

என்னைக் கோபப்படுத்துவது இதற்கடுத்த வேலை. சீட்டையோ ஸ்டீயரிங்கையோ மாற்றியதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியும். எரியத்தான் வேண்டும், அது உண்மையைச் சொல்கிறது. அந்த இணைப்பில் நகம் அளவு ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றைச் செருகினால் கார் ஏமாந்து விளக்கை அணைத்துவிடும். ஏர்பேக் இல்லை, இருப்பதாகக் கார் சொல்கிறது. இன்றைய உரிமையாளருக்காவது விஷயம் தெரியும். பக்கத்தில் உட்காரும் அவர் அம்மாவுக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்து அந்தக் காரை வாங்கி, குழந்தையை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கும் தெரியாது.

நான் கேட்பது இரண்டு. முதலாவது, அந்த ரெசிஸ்டர் வேலையை யார் கேட்டாலும் செய்யாதீர்கள். விளக்கு எரிவது அசிங்கமாக இருக்கிறது என்றால், எரியட்டும்.

இரண்டாவது, பில்லில் ஒரு வரி. 'முன் குறுக்குச் சட்டம் அறுக்கப்பட்டது.' 'ஓட்டுநர் பக்க ஏர்பேக் நீக்கப்பட்டது, பெல்ட் இறுக்கி இல்லை.' 'கேஜ் பொருத்தப்பட்டது, ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்ட ஏற்றதல்ல.' குதிரைத்திறன் வரைபடத்துக்குப் பக்கத்திலேயே அச்சடித்து, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள். முழுக்கப் பந்தயத்துக்கு என்றால் ஆறு முனை ஹார்னெஸ், ஹான்ஸ், ஹெல்மெட், கேஜ் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்து, ட்ரெய்லரில் ஏற்றி அனுப்புங்கள். பாதி பந்தயம், பாதி சாலை என்று செய்யும் கார்தான் இரண்டு பக்கத்துப் பாதுகாப்பையும் இழக்கிறது.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார் என்பீர்கள். சிலர் போகத்தான் செய்வார்கள். தனித்தனியாக ஒவ்வொருவரிடமும் சொல்லாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுவது அதனால்தான். நீங்கள் கூடிப் பேசி ஒரே மாதிரிப் படிவம் ஒன்றை வைத்துக்கொண்டால், அடுத்த பட்டறையிலும் அவர் கையில் அதே வரிதான் வந்து சேரும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்