பதினொரு டப்பாக்கள்

எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் 11 டப்பாக்கள் இருக்கின்றன. ஒன்றுகூட எங்களுடையது இல்லை. நீல மூடி போட்டது, பச்சை மூடி போட்டது, மூடியே இல்லாதது, அடியில் யாரோ நகப்பூச்சால் ஒரு சீன எழுத்து எழுதி வைத்தது. இந்த இரண்டு வருடத்தில் உங்களில் யார் யாரோ சோறும் கஞ்சியும் மீன்குழம்பும் போட்டு எங்கள் கம்பிக்கதவில் மாட்டிவிட்டுப் போனவை. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தார். எதையாவது சமைத்துப் போட்டுக் கொடுப்போம் என்று எடுத்து வைத்தேன். சமைக்க நேரமே வரவில்லை. அப்புறம் எது யாருடையது என்பதும் மறந்துவிட்டது.

எங்கள் இரட்டைப் பெண் பிள்ளைகளுக்கு இந்த மாதம் 2 வயது. உங்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாததால் நன்றி சொல்லும் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். தமிழ் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துச் சொல்லுங்கள்.

வயிற்றில் இரண்டு என்று தெரிந்த நாளில் இரண்டு வீட்டிலும் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. எங்கள் பரம்பரையில் யாருக்கு, உங்கள் பரம்பரையில் யாருக்கு என்று. மாமியார், நான் ஒட்டிப் பிறந்த இரட்டை வாழைப்பழம் தின்றிருப்பேன் என்றார். ஒரே கருமுட்டை பிரிந்து உருவாகும் இரட்டையர் பொதுவாகப் பரம்பரையில் வருவதில்லை என்று மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அவருக்கு என் முதல் நன்றி. இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடி. ஒருத்திக்குப் போக வேண்டிய ரத்தம் இன்னொருத்திக்குக் கூடுதலாகப் போய்விடும் அபாயம் உண்டு என்பதால் 16வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன். ஒவ்வொரு முறையும் திரையைத் திருப்பி, "இதோ இவள் சிறுநீர்ப்பை, இதோ அவள் சிறுநீர்ப்பை, இரண்டும் தெரிகிறது, இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுங்கள்" என்று சொன்ன ஸ்கேன் அறைப் பெண்ணே, உங்கள் பெயரை நான் கேட்கவே இல்லை. நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு டேக்கா சந்தையில் பரோட்டா இறங்கும்.

2024 தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்பு, 33வது வாரத்தில், பிறந்துவிட்டார்கள். பெரியவள் 1.8 கிலோ, இரண்டு நிமிடம் மூத்தவள். சின்னவள் 1.5 கிலோ. எனக்குப் பால் சுரக்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அவர்கள் குடித்தது, பெயர் தெரியாத யாரோ சில தாய்மார்களின் பாலை. சிங்கப்பூரின் கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் 2017லிருந்து தாய்ப்பால் வங்கி இயங்குகிறது. கொடுக்கும் தாய்மார்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கி, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். கொடுப்பவர்கள் காசு எதுவும் வாங்குவதில்லை. தன் பிள்ளைக்குக் கொடுத்தது போக, நடுராத்திரி உட்கார்ந்து பம்ப் வைத்து எடுத்து, உறையவைத்து, அதை யார் குடிக்கிறார்கள் என்றே தெரியாமல் கொடுத்தனுப்பிய அக்கா, தங்கைகளே, நான் பம்ப் வைத்தவள். 20 மில்லி எடுக்க என்ன பாடு என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் தேறினால் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்ட என் அம்மா, 2025 தைப்பூசத்தில் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடந்தார். நடந்து முடித்து, காலைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "முருகனுக்கு எடுத்துட்டேன். பால் குடுத்த அந்தப் புள்ளைங்களுக்கு யாரு எடுக்கறது?"

அம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார். இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியவள் மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்னவள் இன்னும் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில். ஒருத்தி இங்கே, ஒருத்தி அங்கே. பெரியவளை மடியில் வைத்திருந்தால் அங்கே போகாத குற்றம், அங்கே போனால் இங்கே அழுகிறவளை விட்டு வந்த குற்றம். அந்த இரண்டு வாரமும் அம்மா தினமும் காலையில் யீஷூனிலிருந்து மூன்று ரயில் நிலையம் தாண்டி நாங்கள் இருக்கும் அட்மிரல்டிக்கு வருவார், பெரியவளைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைக் கிளப்பிவிடுவார். மாலை நான் திரும்பும்போது டேக்கா சந்தையில் பால்சுறா வாங்கி வரச் சொல்வார். ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கும் தூரம்தானே என்பார். பிரசவித்த உடம்போடு மீன் கடையில் வரிசையில் நின்ற முதல் ஆள் நான்தானோ என்னவோ. மீன்காரத் தம்பி ஒரு நாள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா நீங்க உட்காருங்க, நானே சுத்தம் பண்ணி எடுத்தாறேன்" என்று ஸ்டூல் போட்டார். தம்பி, அன்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதது நான்தான். நீங்கள் பார்க்காத மாதிரி செதில் எடுத்துக்கொண்டே இருந்தீர்கள்.

கேரளத்து நர்ஸ் சேச்சிக்கு. இருவரையும் ஒரே நேரத்தில் எப்படிப் பால் குடிக்க வைப்பது என்று காட்டித் தந்தவர் நீங்கள். இரண்டு அக்குளிலும் இரண்டு பலாக்காயை இடுக்கிக்கொண்ட மாதிரி, கால்கள் முதுகுப் பக்கம் போக, தலைகள் முன்னால். ஒருத்தி விழித்தால் இன்னொருத்தியையும் எழுப்பிவிடு, பாவம் பார்க்காதே என்றீர்கள். வீட்டுக்கு வந்து முதல் வாரம் பாவம் பார்த்தேன். நாளைக்கு ஒருத்திக்கு 8 வேளை, இருவருக்கும் 16. பால், ஏப்பம், டயப்பர் எல்லாம் சேர்த்து வேளைக்கு 40 நிமிடம். பெருக்கிப் பாருங்கள், 10 மணி 40 நிமிடம் வரும். அதில் நான் குளிப்பது இல்லை, தூங்குவது இல்லை, புட்டி கழுவுவது இல்லை. எட்டாம் நாள் உங்கள் பேச்சைக் கேட்டேன்.

அடையாளக் குழப்பத்தை எல்லோரும் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். அம்மா பெரியவளுக்கு இடது கன்னத்திலும் சின்னவளுக்கு வலது கன்னத்திலும் திருஷ்டிப் பொட்டு வைத்தார். இடது என்றால் யாருக்கு இடது, பிள்ளைக்கா, பார்ப்பவருக்கா? அம்மாவும் நானும் ஒரு கணக்கு, என் கணவர் வேறு கணக்கு. ஒரு ராத்திரி முழுவதும் ஒருத்தியே இரண்டு பங்கு பால் குடித்தாள், இன்னொருத்தி கத்திக்கொண்டே இருந்தாள், "இப்பதானே குடிச்சே" என்று அவளையே அதட்டினோம். மறுநாள் பெரியவளின் கால் கட்டைவிரலில் சிவப்பு நகப்பூச்சு ஏறியது. சுவரில் கட்டம் போட்ட தாள் ஏறியது. மன்னிப்புக் கேட்க வேண்டியது சின்னவளிடம்தான், அவளுக்கு அது நினைவிருக்காது என்று நம்புகிறேன்.

கணவரின் முதலாளிக்கு. பிள்ளைகள் பிறந்த அந்த ஆண்டுதான் தந்தையர் விடுப்பில் 2 வாரத்துக்கு மேல் இன்னும் 2 வாரம் முதலாளி விரும்பினால் கொடுக்கலாம் என்று வந்திருந்தது. விரும்பினால் மட்டும்தான், கட்டாயம் 2025 ஏப்ரலில்தான் வந்தது. நீங்கள் விரும்பினீர்கள். அந்த 4 வாரத்தை அவர் ஒரே மூச்சில் எடுக்காமல், சின்னவள் வீடு வந்த பிறகுக்கு என்று 2 வாரத்தை ஒதுக்கி வைக்கவும் விட்டீர்கள். தாய்மார்க்கான விடுப்பு ஒரு பிள்ளை என்றாலும் இரண்டு என்றாலும் அதே 16 வாரம்தான். பிள்ளைப் பராமரிப்பு விடுப்பும் எத்தனை பிள்ளை என்றாலும் ஆண்டுக்கு ஆளுக்கு 6 நாள்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். இரட்டையருக்கு நோய் ஒன்றாக வருவதில்லை, வரிசையில் வரும். போன ஆண்டு கை, கால், வாய்ப்புண் நோய் திங்கட்கிழமை பெரியவளுக்கு வந்தது. அவள் தேறி, பாலர் பள்ளிக்குக் கிளம்பும் அன்று சின்னவள் உள்ளங்கையைக் காட்டினாள். என் வேலையை இரண்டு வாரம் முணுமுணுக்காமல் பார்த்துக்கொண்ட சக ஊழியர்களே, நீங்கள் முணுமுணுத்திருந்தால் அது என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டதற்கும் நன்றி.

ஒரு பராமரிப்பு நிலையத்தில் ஓர் இடம்தான் இருக்கிறது, ஒருத்தியைச் சேர்த்துவிடுங்கள், இன்னொருத்தி காத்திருப்புப் பட்டியலில் இருக்கட்டும் என்றார்கள். எந்த ஒருத்தியை என்று கேட்டேன். பதில் இல்லை. இப்போது அவர்கள் போகும் நிலையத்தின் தலைமை ஆசிரியை, இரண்டு இடம் சேர்ந்து வரும்வரை மூன்று மாதம் நினைவு வைத்திருந்து கூப்பிட்டார். குறைமாதப் பிள்ளைகள் என்றதும், "அப்படியானால் 7 வாரத்தைக் கழித்து வளர்ச்சியைப் பார்ப்போம்" என்று நான் சொல்வதற்கு முன்பே சொன்னார். ஊரில் பாதிப் பேர் ஏன் இன்னும் உட்காரவில்லை, ஏன் இன்னும் நடக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

மின்தூக்கியில் "இயற்கையாவா, ஊசி போட்டா?" என்று கேட்டவர்களுக்கு நன்றி இல்லை. இந்த மடலில் உங்களுக்கு இவ்வளவுதான் இடம்.

முதலில் நாங்கள் வாங்கிய இரட்டைத் தள்ளுவண்டி பக்கம் பக்கமாக இருக்கை உள்ளது. படத்தில் அழகு. மருந்தகக் கதவில் நுழையாது, கடை வரிசையில் நுழையாது. முன்னும் பின்னுமாக உட்காரும் வண்டியைப் பழைய பொருள் விலைக்கு விற்ற, பொங்கோல் வட்டாரத்து அம்மா, சின்ன அங்கி 14ஐயும் சும்மா கொடுத்தார். அவருக்கும் இரட்டை, அவருக்கும் யாரோ கொடுத்ததாம். முதல் முறை நான்கு பேரும் சேர்ந்து வீடு திரும்பிய நாளில் எங்களை ஏற்றி வந்த டாக்சி அங்கிள், விரைவுச்சாலையில் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹார்ன் அடிக்க, கட்டை வண்டி மாதிரி ஓட்டினீர்கள். எங்கள் அடுக்குமாடி புளோக் வந்ததும் மீட்டரை நிறுத்திவிட்டு, பைகளை மாடிவரை தூக்கி வந்தீர்கள்.

பக்கத்து வீட்டு மாக்சிக், அந்த மலாய் அம்மா பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது. 40 நாளும் என் வயிற்றுக்குச் சூடான எண்ணெய் போட்டுக் கட்டுக் கட்டியவர், காசு நீட்டினால் கையைத் தட்டிவிட்டவர். கீழ்வீட்டுச் சீன அங்கிள் ஒரு நாள் கதவைத் தட்டியபோது, ராத்திரி அழுகைச் சத்தம் பற்றித்தான் என்று நினைத்து மன்னிப்பை மனதில் தயார் செய்துகொண்டு திறந்தேன். நேற்று ராத்திரி சத்தமே இல்லையே, எல்லாம் நலமா என்று கேட்க வந்திருந்தார். அன்றுதான் இருவரும் முதன்முறையாக ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தார்கள்.

இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டீர்களே. ஒருத்தி அழுதால் இன்னொருத்தி தன் வாயில் இருக்கும் சூப்பானைப் பிடுங்கி அவள் வாயில் திணிக்கிறாள். எங்களுக்குப் புரியாத மொழியில் விளக்கு அணைத்த பிறகு அரைமணி நேரம் பேசுகிறார்கள். பெரியவளிடம் ஒரு பிஸ்கட் கொடுத்தால் வாங்கிக்கொண்டு மற்றக் கையையும் நீட்டுகிறாள். அது தங்கைக்கு என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். போகும் வழியில் பாதியை அவளே கடித்துவிடுகிறாள் என்பது போன வாரம்தான் தெரிந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருப்போம். கேக் உண்டு, வடை உண்டு, மாக்சிக் கைப்படச் செய்த மீ கோரெங் நூடுல்ஸ் உண்டு. 11 டப்பாக்களையும் மேசையில் வரிசையாக வைத்திருப்பேன், எல்லாவற்றிலும் அம்மா சுட்ட முறுக்கு. வந்து அவரவருடையதை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி இல்லாதது யாருடையது என்று தெரியவில்லை, அதன் மூடியைத் தொலைத்தது நான்தான்.