டிக்கெட்டிலேயே சொல்லிவிடலாமே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாப் இசை நிகழ்ச்சி முடிந்ததும் ‘பாடினாரா, வெறுமனே வாயசைத்தாரா’ என்ற சண்டை தொடங்கிவிடுகிறது. விடை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

மேடையோரத்தில் இரண்டு லேப்டாப்கள் முன்பே பதிவுசெய்த ஒரே இசை டிராக்கைச் சேர்ந்து ஓட்டும். ஒன்று நின்றுபோனால் இன்னொன்று கைகொடுக்கும். தாளம் பிசகாமல் இருக்க, கிளிக் சத்தம் டிரம்மரின் காதுக்குள் போகும். கோரஸ், வயலின் போன்றவை தனித்தனிச் சேனல்களில், ஒலிகளைக் கலக்கும் மிக்ஸருக்கு வரும். முன்பே பதிவான முதன்மைக் குரலும் சில நிகழ்ச்சிகளில், ஒலியளவை ஏற்றி இறக்கும் தனி ஃபேடரில் தயாராக இருக்கும். பாடகர் நின்று பாடும்போது அதை இறக்கி வைப்பார்கள். ஆடிக் களைத்து மூச்சு வாங்கும் இடத்தில் ஏற்றுவார்கள்.

காது கொடுத்தால் பிடிபடும். கைமைக்கை வாயிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் பிடித்தவர் 30 செ.மீ.க்கு விலக்கினால், குரல் ஏறக்குறைய 20 டெசிபல் இறங்க வேண்டும். அதன் அடிக்கனமும் (கீழ் ஒலிகளின் கனம்) மெலிய வேண்டும். மைக் இடுப்புக்கு வந்த பிறகும் குரல் அப்படியே நின்றால் அது பதிவுதான். கன்னத்தோடு ஒட்டிய ஹெட்செட் மைக்கில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே, குதித்து இறங்கும் நொடியில் நீட்டிய ஸ்வரம் கொஞ்சமாவது அதிர்கிறதா என்று கேளுங்கள். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, உதடும் குரலும் ஒட்டவில்லை என்று மட்டும் பழி போடாதீர்கள். மேடை ஸ்பீக்கரிலிருந்து 100 மீட்டர் தாண்டி வர ஒலிக்கே கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகும்.

ஆட்டோடியூன் என்ற மென்பொருள் வேறு சங்கதி. குரல் பாடகருடையதே, சுருதி மட்டும் திருத்தப்படுகிறது. பாட்டின் ஸ்கேலை, அதாவது ஸ்வர வரிசையை, தவறாக அமைத்துவிட்டால், சரியாகப் பாடியதையும் அது பக்கத்து ஸ்வரத்துக்கு இழுத்துவிடும்.

கருவி மீது எங்களுக்குக் கோபமில்லை, மறைப்பதுதான் பொறுக்கவில்லை. மில்லி வனில்லி என்ற பாப் ஜோடியின் இருவரும் தங்கள் ஆல்பத்தில் பாடவே இல்லை என்று தெரிந்ததும், 1990 பிப்ரவரியில் கொடுத்த கிராமி விருது அதே நவம்பரில் பறிக்கப்பட்டது. 2022இல் லண்டனில் தொடங்கிய ‘அப்பா வாயேஜ்’ நிகழ்ச்சியில் ஸ்வீடனின் ‘அப்பா’ (ABBA) பாப் குழுவினர் டிஜிட்டல் உருவங்களாகத்தான் தோன்றுகிறார்கள், குரல்களும் பதிவுதான். அதை முன்கூட்டியே சொன்னதால் யாரும் ஏமாறவில்லை. உடன் வாசிக்கும் குழுவோ நேரடியாக வாசிக்கிறது.

எனவே டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே முதன்மைக் குரல் முழுக்க நேரடியா, பதிவோடு கலந்ததா, முழுப் பதிவா என்று ஒரு வரி போடட்டும். உச்ச ஸ்வரங்களைத் தாங்கும் பின்னணிப் பாடகர்கள் திரைக்குப் பின்னால் நின்று பாடினால், அவர்கள் பெயரும் அங்கே வரவேண்டும்.

இப்படிக்கு,
மேடை ஒலிப் பொறியாளர்கள் சிலர்