சேகருக்கு, அந்தப் பெட்டிகளைப் பற்றி

கோயம்புத்தூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் அதோடு நீ வைத்திருந்த நான்கு தாள்களும் புதன்கிழமை வந்தன. நான் செய்த இணையப் படிவம் ஸ்கிரீனில் தெரிவதைப் பிரின்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து, சிவப்புப் பேனாவால் சுழித்துத் தபாலில் அனுப்புகிற ஆள் இந்த நாட்டில் நீ ஒருவன்தான் இருப்பாய். மாலதி பார்த்துவிட்டு, "புரூஃப் திருத்தி அனுப்பியிருக்காரா?" என்று கேட்டாள். முப்பத்தைந்து வருஷம் அச்சகம் நடத்தியவனுக்குக் கை சும்மா இருக்குமா என்றேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது மூலை முடுக்கில் இருக்கும் ஒட்டடை எல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது, எங்களுக்குத்தான் கஷ்டம். என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும் உன்னை நினைத்துக்கொள்கிறேன். பத்தாவது படிக்கையில் அந்த வாட்டர் டேங்கில் ஏறச் சொன்னவன் நீதானே.

சரி, உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நம் பேட்ச் சந்திப்புக்கு நான் செய்து கொடுத்த பதிவுப் படிவம் உன் அச்சகக் கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரில் ஒரு மாதிரி, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் ஒரு மாதிரி, உன் மகளின் மேக்கில் இன்னொரு மாதிரி, மருமகன் ஐபோனில் வேறு மாதிரி. "ஒரே மேட்டரை நான்கு விதமாக அடித்துக் கொடுத்தால் கஸ்டமர் காசு கொடுப்பானா?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெட்டிகளை அடித்தது நான் இல்லையே.

உனக்கு உன் தொழிலிலிருந்தே சொல்கிறேன். அப்பா காலத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் எழுதிக் கொண்டுவருபவர்கள் தலைப்பில் 'பிள்ளையார் படம்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். எந்தப் பிள்ளையார் என்று இருக்காது. உங்கள் அச்சகத்தில் அச்சுகள் வைக்கும் கேஸில் தும்பிக்கை நீண்ட அந்தப் பழைய பட அச்சு, அதாவது பிளாக், பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடையில் தொப்பை பெரிதான பிளாக். மேட்டர் ஒன்று, பிள்ளையார் அவரவர் கடையுடையது. வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் செய்யும் படிவமும் அதே கதைதான். நான் பக்கத்தில் எழுதுவது 'இங்கே ஒரு எழுத்துப்பெட்டி', 'இங்கே ஒரு தேர்வுப்பட்டியல்', 'இங்கே ஒரு பட்டன்' என்பதுதான். கேஸைத் திறந்து பிளாக்கை எடுத்து வைப்பது பிரவுசர். பிரவுசரும் பல காலம் தன் கேஸ் என்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை. விண்டோஸிடமோ மேக்கிடமோ கடன் வாங்கித்தான் வைத்தது.

இது யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை, தொடக்கமே அப்படி. 1995 நவம்பரில் எச்டிஎம்எல் 2.0 வந்தபோதே படிவங்கள் அதில் இருந்தன. பெட்டி எதற்கு, அதற்குள் எழுதியது எப்படி அனுப்பப்பட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. ஓரம் எவ்வளவு தடிமன், முனை உருண்டையா கூரா என்பது இல்லை. பக்கத்துக்கு அலங்காரம் சொல்லும் சிஎஸ்எஸ் என்ற மொழியே அதற்கு ஒரு வருஷம் கழித்து, 1996 டிசம்பரில்தான் வந்தது. அதற்குள் விண்டோஸ்காரன் விண்டோஸ் பெட்டிக்கும், மேக்காரன் மேக் பெட்டிக்கும், யூனிக்ஸ்காரன் மோட்டிஃப் பெட்டிக்கும் பழகிவிட்டான். பிறகு வந்த சிஎஸ்எஸ் 2.1 விதிநூலில், படிவப் பெட்டிகளுக்கு எந்த அலங்காரம் பொருந்தும், எப்படிப் பொருந்தும் என்பதை இந்த நூல் வரையறுக்கவில்லை என்றே எழுதிவிட்டார்கள். கோர்ட்டில் வாய்தா வாங்குகிற மாதிரி. அது இறுதி வடிவம் பெற்ற வருஷம் 2011.

கடன் வாங்கிய பெட்டியில் ஒரு சிக்கல் உண்டு. ஓஎஸ்ஸிடம், அதாவது விண்டோஸ், மேக் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளிடம், 'ஒரு பட்டன் வரைந்து கொடு' என்று கேட்கலாம். 'மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டன் கொடு' என்று கேட்க வழியில்லை. வார்த்துவைத்த பிளாக்கில் பாதியை மட்டும் வேறு நிறத்தில் அடிக்க முடியாதே. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது நன்றாகத் தெரியும். பட்டனைச் சும்மா விட்டால் முனை மழுங்கி அழகாக இருக்கும். பின்னணிக்கு ஒரு நிறம் கொடுத்துப் பார், அந்த நிமிஷமே ஓரம் தூக்கிய விண்டோஸ் 95 பட்டனாகிவிடும். ஓஎஸ் கைவிட்டதும் பிரவுசர் தன் கையால் கிறுக்கிய பட்டன் அது. நீ முதல் தாளில் 'அனுப்பு' பட்டனைச் சுழித்து 'இது மட்டும் ஏன் வேறு ஜாதி?' என்று எழுதியிருந்தாயே, காரணம் இதுதான். அதற்கு மட்டும் நான் நிறம் கொடுத்தேன்.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 என்ற பழைய பிரவுசரில் இன்னும் மோசம். அதில் தேர்வுப்பட்டியல் விண்டோஸின் தனிச் சாளரமாகவே பக்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அதன் மேல் மெனுவோ படமோ எது வந்தாலும் அதைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். 2006-இல் 7 வரும்வரை உலகத்தில் பக்கம் செய்கிறவர்கள் எல்லோரும் மெனுவுக்கு அடியில் ஒரு காலிச் சட்டத்தைச் செருகி அதை மறைத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

அடுத்து நீ ஸ்கேல் வைத்துக் கண்டுபிடித்தது. 'பெயர்' பெட்டியும் 'ஊர்' பட்டியலும் ஒரே அகலம் இல்லை, பெயர்ப் பெட்டி கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கிறது. சபாஷ், உன் கண்ணுக்கு ஒரு கும்பிடு. இரண்டுக்கும் நான் 200 பிக்சல்தான் கொடுத்தேன். ஆனால் பட்டியலுக்கு 200 என்றால் ஓரத்தோடு சேர்த்து 200. எழுத்துப்பெட்டிக்கு 200 என்றால் உள்ளே எழுதும் இடம் மட்டும் 200. அதற்கு வெளியே குரோமில் இரண்டு பக்கமும் இடைவெளி 2, கோடு 2, ஆக மொத்தம் 208. ஒருவர் தாள் அளவைச் சொல்கிறார், இன்னொருவர் மார்ஜின் போக மேட்டர் அளவைச் சொல்கிறார். உன் கட்டிங் மிஷின் பையனும் கம்போசிங் பையனும் இதே மாதிரி சண்டை போட்டுக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். 'எல்லாருக்கும் தாள் அளவுதான் கணக்கு' என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. எழுத மறந்தது என் தப்பு. இப்போது சேர்த்துவிட்டேன்.

எழுத்தின் அளவில் உன்னோடு எனக்குச் சண்டை இல்லை, நீ சொன்னது சரி. பக்கம் முழுக்க நான் வைத்த எழுத்து வேறு, பெட்டிக்குள் இருந்த எழுத்து வேறு. பெட்டிகள் பக்கத்தின் எழுத்தை எடுத்துக்கொள்வதில்லை, தங்களுக்கென்று ஒன்று வைத்திருக்கின்றன. உன் விண்டோஸ் குரோமில் அது ஏரியல், 13.33 பிக்சல். என்னடா இது விநோதக் கணக்கு என்று தோன்றும். பாயின்ட்டுக்கு மாற்றிப் பார், சரியாகப் பத்து! இன்னொரு பிரவுசரில் அந்த ஓஎஸ்ஸின் எழுத்து வரும். 'முப்பது எழுத்து அகலம்' என்று பெட்டிக்குச் சொன்னால், அந்த ஃபான்ட்டின் சராசரி எழுத்தை வைத்துத்தான் பிரவுசர் கணக்குப் போடும். ஃபான்ட் மாறினால் பெட்டியும் நீளும், சுருங்கும்.

அதிலும் நம் மொழிக்குத் தனிக் கஷ்டம். ஏரியலில் தமிழ் கிடையாது. ஆகவே பெட்டியில் தமிழ் அடித்ததும் பிரவுசர் வேறு ஃபான்ட் தேடிப் போகிறது. விண்டோஸில் பெரும்பாலும் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம். மூன்றும் உயரத்தில் ஒத்துப்போகாது. பெட்டியின் உயரத்தை நான் கெட்டியாக நிர்ணயித்திருந்ததால்தான் உன் மூன்றாவது தாளில் 'ஸ்ரீ'யின் தலை வெட்டுப்பட்டது. உயரத்தை எடுத்துவிட்டேன், எழுத்துக்குத் தக்கபடி பெட்டியே வளரட்டும். எழுத்து எண்ணிக்கையும் அப்படித்தான். நம் கிருஷ்ணமூர்த்தியின் பெயர் உனக்கும் எனக்கும் எட்டு எழுத்து. பிரவுசருக்குக் கொம்பும் புள்ளியும் தனித்தனி, அதன் கணக்கில் பதினைந்து. பெயருக்குப் பன்னிரண்டு போதும் என்று நான் வரம்பு வைத்திருந்தால் அவன் வெறும் கிருஷ்ணமூர்த ஆகியிருப்பான்.

ஐபோனில் பெட்டியைத் தொட்டால் பக்கமே மூஞ்சிக்கு நேரே பெரிதாகி வருகிறது என்றாயே, அதற்கும் காரணம் எழுத்தளவுதான். பெட்டிக்குள் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால், இவனால் படிக்க முடியாது என்று ஐபோன் தானாகவே பெரிதாக்கிக் காட்டும். நான் 14 வைத்திருந்தேன். பன்னிரண்டு பாயின்ட், அதாவது 16 ஆக்கிவிட்டேன், இனிமேல் குதிக்காது. நம் வயதுக்காரர்களுக்கு அதுவே சின்னதுதான்.

படம் ஏற்றுமிடத்தில் ஒரு கம்ப்யூட்டரில் 'சூஸ் ஃபைல்' என்றும் இன்னொன்றில் 'பிரவுஸ்' என்றும் இருக்கிறது, தமிழில் எழுத மறந்துவிட்டாயா என்று கேட்டிருக்கிறாய். அது நான் எழுதியதே இல்லை. பிரவுசர் எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியில் அதுவே போட்டுக்கொள்கிறது. ஒரு பெட்டியைக் காலியாக விட்டு அனுப்பினால் வரும் அதட்டலும் அப்படித்தான்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு மானம் போன விஷயம் பிறந்த தேதி. அதற்கு நான் வைத்தது பிரவுசரே தரும் தேதிப்பெட்டி. கீழே உதவியாக 'நாள்/மாதம்/வருடம்' என்று என் கையால் எழுதியும் வைத்தேன். தேதிப்பெட்டி எங்களுக்கு அனுப்பிவைப்பது எப்போதும் வருடம், மாதம், நாள் என்ற ஒரே வரிசைதான். ஆனால் அடிக்கிறவர் கண்ணுக்குக் காட்டும் வரிசை அவருடைய கம்ப்யூட்டரின் மொழி, வட்டார செட்டிங்கைப் பொறுத்தது. நம்மூரில் பாதிக் கம்ப்யூட்டர்கள் வாங்கிய நாளிலிருந்து அமெரிக்க செட்டிங்கிலேயே ஓடுகின்றன, அங்கே மாதம்தான் முதலில். பெங்களூரில் நம் ரவி ஆபீஸ் கம்ப்யூட்டரில் என் பேச்சை நம்பி 07, 04 என்று அடித்திருக்கிறான். பெட்டியில் அது ஜூலை 4 ஆகிவிட்டது. நான் பட்டியலைப் பார்த்து ஜூலை 4 காலை ஆறு மணிக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொன்னேன். "மூணு மாசம் லேட்டுடா" என்றான். 23-ஆம் தேதி பிறந்தவர்கள் தப்பித்தார்கள். 2 அடித்ததுமே மாதம் 02 ஆகி, 3 தாவி நாளுக்குள் போனதால், ஏதோ கோளாறு என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. மாட்டிக்கொண்டவர்கள் பன்னிரண்டுக்குள் பிறந்தவர்கள்தான். இப்போது தேதிப்பெட்டியைத் தூக்கிவிட்டு நாள், மாதம், வருடம் என்று மூன்றாகப் பிரித்து, மாதத்தை 'ஏப்ரல்' என்று பெயராலேயே போட்டுவிட்டேன்.

"இவ்வளவு தொல்லை எதற்கு, பெட்டிகளை நீயே வரைந்துவிடலாமே" என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். வரைந்து பார்த்துவிட்டேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு துணிக்கடைக்காரர், உன்னை மாதிரியே ஸ்கேலோடு வந்து, எல்லா இடத்திலும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கணும் என்றார். பிரவுசரின் பட்டியலைத் தூக்கிவிட்டு நானே கோடும் கட்டமுமாக ஒன்று செய்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அங்கே கணக்கு எழுதுகிற பெண் மவுஸைத் தொடவே மாட்டார்; டேப் அடித்து, முதலெழுத்தை அடித்து ஊரைப் பிடிப்பவர். என் பட்டியல் டேப்புக்கு நிற்கவில்லை, முதலெழுத்துக்கு அசையவில்லை. பார்வையில்லாத ஒருவர், படித்துச் சொல்லும் மென்பொருள் அந்த இடத்தில் ஊமையாகிவிடுகிறது என்றார். போனில் விரலுக்கு வாகாக வரும் பட்டியலும் வரவில்லை. பிரவுசர் இலவசமாகக் கொடுத்ததை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு படத்தை மாட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு மாதத்தில் பழையதையே திரும்ப வைத்தேன்.

அதிலிருந்து என் கட்சி இதுதான்: உன் நான்கு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவன் நீ ஒருவன்தான். உன் மகள் மேக்கை மட்டுமே பார்க்கிறாள், அவளுக்கு மற்ற இடங்களில் பழகிய பெட்டியே இங்கும் வருகிறது. அது அவளுக்கு வசதி. நான் கவலைப்பட வேண்டியது எழுத்து வெட்டுப்படுகிறதா, தேதி மாறுகிறதா என்பதைப் பற்றித்தான்.

இப்போது நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2020 மே மாதம் வந்த குரோம் 83-இல் மைக்ரோசாஃப்டும் கூகுளும் சேர்ந்து பெட்டிகளைப் புதிதாக வரைந்தார்கள். டிக் பெட்டியின் நிறத்தை ஒரே வரியில் மாற்ற இப்போது எல்லா முக்கிய பிரவுசரிலும் வழி இருக்கிறது. 2025-இல் குரோம் 135 வந்தபோது, பட்டியலின் வேலை எதையும் கெடுக்காமல் அதன் தோற்றத்தை மட்டும் மாற்றும் வசதியும் வந்தது. துணிக்கடைக்காரர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், பாவம்.

படிவத்தை உன் கம்ப்யூட்டரில் இன்னொரு முறை திறந்து பார். சிவப்புப் பேனா தயாராக இருக்கட்டும், ஆனால் இந்த முறை போனில் படம் எடுத்து அனுப்பு, தபால் செலவு மிச்சம்.

அப்புறம், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அப்பாவின் டிரெடில் அச்சு மிஷினை இரும்புக் கடைக்குப் போடப் போவதாக. என்ன விலை சொன்னான்? எதுவானாலும் இந்த மாதம் கொடுக்காதே. அடுத்த சனிக்கிழமை நான் அங்கே வருகிறேன். அந்தத் தும்பிக்கை நீண்ட பிள்ளையார் பிளாக்கையும் எங்காவது கிடக்கிறதா என்று தேடி வை.

அன்புடன்,
முரளி