மார்க்கெட்டில் என் அப்பாவைக் காத்தவர்களுக்கு

கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கும் என் அப்பா, கடை வாசலிலேயே மாரடைப்பு வந்து சுருண்டு விழுந்தார். மூச்சும் இல்லை, நாடியும் இல்லை. எதிரே வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் ஓடிவந்து, 108 வரும்வரை அவர் நெஞ்சை விடாமல் அழுத்தியிருக்கிறார். ஆம்புலன்ஸில் வந்த தம்பி இரண்டு முறை மின்னதிர்ச்சி கொடுத்த பிறகுதான் துடிப்பு திரும்பியது.

அண்ணா, இந்த மடல் முதலில் உங்களுக்குத்தான். மூன்றாம் நாள் பார்க்க வந்தீர்கள். தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று யாரோ சொல்லக் கேட்டு, "நான் அழுத்தியதால்தானா அம்மா?" என்றீர்கள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டீர்கள். அன்று எனக்கும் பதில் தெரியாது. பிறகு மருத்துவர் விளக்கினார். இதயம் நின்றிருந்த நேரத்தில் உடம்பெங்கும் தசைகளுக்கு ரத்தம் போகவில்லை. அப்படிப் பட்டினி கிடந்த தசைகள் உடைந்து, மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிட்டது. ரத்தம் போதாமல் சிறுநீரகமும் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. உங்கள் கை இல்லாதிருந்தால் அப்பாவே இல்லை, அண்ணா. விலா எலும்பு இரண்டில் விரிசல் விட்டிருந்தது. அதுவும் ஆறிவிட்டது.

முதல் இரவு பணியில் இருந்த சிஸ்டர், சிறுநீர்ப் பையை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடுங்காப்பி நிறம். அந்த நிமிடமே மருத்துவரை எழுப்பினார். தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் சி.கே. என்ற நொதி, 200 அளவில் இருக்க வேண்டியது, 60,000ஐத் தாண்டியிருந்தது. பொட்டாசியமும் ஏறிக்கொண்டிருந்தது, விட்டிருந்தால் இதயம் மறுபடி நின்றிருக்கும். சிஸ்டர், அந்த ஒரு பார்வைக்கு எப்படி நன்றி சொல்வேன்!

சலைன் ஏற்றியும் சிறுநீர் வற்றிப்போனதால் 9 முறை டயாலிசிஸ். குளிரில் அப்பா நடுங்கும்போதெல்லாம் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்ட டெக்னீஷியன் தம்பி, 17ஆம் நாள் அளவுக் குவளையை எங்களிடம் நீட்டினார். 40 மி.லி. சிறுநீர். அம்மா அந்தக் குவளையைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே இருந்த, கேட்காமலே பணம் தந்த மார்க்கெட் உறவுகளுக்கும் நன்றி.

சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் இப்போது 1.3, ஏறக்குறைய இயல்பு அளவு. அப்பா மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிட்டார். அண்ணா, உங்களுக்கென்று சட்டைத் துணி எடுத்து வைத்திருக்கிறார். அளவு கொடுக்க ஒருமுறை கடைக்கு வாருங்கள்.