சாணியை வெட்டிவிடாதே

அன்புள்ள தோழிக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன் மாமியார் கொடுத்தனுப்பிய வடகம் வந்து சேர்ந்தது. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

இத்தனை நாள் நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம்தான். உன் சிறுவர் இதழுக்கு நான் எழுதிய பண்டைய எகிப்தியரின் சாணியுருட்டி வண்டு வடிவத் தாயத்துகள் பற்றிய கட்டுரையை, "சாணியும் சாவும் பிள்ளைகளுக்கு வேண்டாம், அதிர்ஷ்ட வண்டு என்று மட்டும் இருக்கட்டும்" என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினாய். பள்ளியில் தவளையை அறுத்த அன்று மயங்கி விழுந்தவள் நீ என்பதால் அப்போது விட்டுவிட்டேன். ஆனால் போன வாரம் எங்கள் ஊர் நூலகத்தில் அதே செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சாணியை எடுத்துவிட்டால் அந்த வண்டை எகிப்தியர் ஏன் வணங்கினார்கள் என்பதே விளங்காமல் போய்விடும். சாணியுருட்டி வண்டு பல் வைத்த மண்வெட்டி போன்ற தன் தலையால் சாணத்தை வெட்டி, உருண்டையாக்கி, தலைகீழாக முன்னங்கால்களைத் தரையில் ஊன்றிப் பின்னங்கால்களால் அதைத் தள்ளிக்கொண்டு பின்னோக்கியே நடக்கிறது. வானத்தில் சூரியனையும் இப்படி யாரோ உருட்டிச் செல்கிறார்கள் என்று நைல் கரை மக்கள் எண்ணினார்கள். காலைச் சூரியனாகிய கெப்ரி என்ற கடவுள் அப்படித்தான் பிறந்தார். அரசி நெஃபர்தாரியின் கல்லறைச் சுவரில் அவர் மனித உடலும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழு வண்டுமாக அமர்ந்திருக்கிறார். பெண் வண்டு மண்ணுக்கடியில் சாண உருண்டைக்குள் முட்டையிடுவதும், புழு அதையே தின்று வளர்வதும் வெளியே தெரிவதில்லை. ஒரு நாள் மண்ணைப் பிளந்துகொண்டு புது வண்டு வெளிவருவதை மட்டும் கண்டவர்கள், அது தன்னைத் தானே படைத்துக்கொண்டது என்று நம்பினார்கள். மறைந்தது மீண்டும் வரும் என்ற நம்பிக்கையைத்தான் அவர்கள் கழுத்திலும் விரலிலும் அணிந்தார்கள். அதை வெறும் அதிர்ஷ்டம் என்று சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

பெரும்பாலான தாயத்துகள் நம் வீட்டுக் கல்சட்டியின் அதே மாக்கல்லில் செதுக்கப்பட்டவை. செதுக்க மென்மையான அந்தக் கல், நீலமோ பச்சையோ பூச்சிட்டுச் சூளையில் சுட்டதும் இறுகிவிடும். நீளவாக்கில் நூல் கோக்க ஒரு துளை இருக்கும். தட்டையான அடிப்பக்கத்தில் பெயரோ சித்திரமோ இருப்பதால் பலவற்றைக் களிமண்ணில் முத்திரையாகவும் பதித்தார்கள். மூன்றாம் அமென்ஹோட்டப் மன்னர் பெரிய வண்டுகளின் அடியில் அரசுச் செய்திகளையே பொறிக்கச் செய்தார். ஆட்சியின் முதல் 10 ஆண்டுகளில் 102 சிங்கங்களை வேட்டையாடியதாக ஒன்று சொல்கிறது. உன் மகன் இதைக் கேட்டால் அன்று தூங்க மாட்டான்.

இனிச் சாவு. உடலைப் பதப்படுத்துகையில் எகிப்தியர் மூளையை எடுத்துவிட்டு, நினைவும் அறிவும் இதயத்தில் இருப்பதாக நம்பியதால் அதை உடலிலேயே விட்டார்கள். மறு உலகில் அந்த இதயத்தைத் தராசின் ஒரு தட்டிலும் உண்மைத் தெய்வமான மாஅத்தின் இறகை மறு தட்டிலும் வைப்பார்கள். இறகைவிட இதயம் கனத்துத் தோற்றால், முதலைத் தலையும் சிங்கத்தின் முன்னுடலும் நீர்யானையின் பின்னுடலும் கொண்ட அம்மித் அதை விழுங்கிவிடும். ஆகவே இறந்தவரின் மார்பின்மேல் ஒரு பெரிய வண்டுத் தாயத்தை வைத்தார்கள். ஹட்நெஃபர் என்ற அம்மையாரின் வண்டைப் படத்திலாவது பார். அரசி ஹட்செப்சுட்டின் அதிகாரியான செனன்முட்டின் தாயார் அவர். 1936இல் கல்லறையிலிருந்து கிடைத்த அந்தப் பச்சைக் கல் வண்டு தங்கத்தில் பதிக்கப்பட்டு, தங்கச் சங்கிலியில் தொங்குகிறது. இத்தகைய வண்டுகளின் அடியில் இதயத்திடம் ஒரு மன்றாட்டு பொறிக்கப்பட்டிருக்கும்: என் தாயிடமிருந்து பெற்ற இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழாதே.

இதைச் சொன்னதும், எப்போதும் சன்னலோரம் உட்காரும் சிறுமி எழுந்து, "அப்படியென்றால் இதயத்தைப் பொய் சொல்லச் சொல்கிறார்களா?" என்று கேட்டாள். அவள் அண்ணன் உடனே, "பொய் சொல் என்று எங்கே எழுதியிருக்கிறது, பேசாதே என்றுதானே இருக்கிறது" என்றான். அதன்பின் அறை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. தம்பி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுவானோ என்று அஞ்சிய பிள்ளைக்கு, தன் இதயமே காட்டிக்கொடுக்கும் என்ற பயத்தை விளக்க வேண்டியதே இல்லை. நம் வரலாற்று டீச்சர் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்திருப்பார். சாவைப் பற்றிய செய்தி அவர்களைக் கலங்கடிக்கவில்லை, யோசிக்க வைத்தது.

ஆகவே கட்டுரையை முழுதாகப் போடு. இடம் போதாவிட்டால் சிங்க வேட்டையை எடுத்துவிடு. சாணத்தையும் தராசையும் தொடாதே. ஓவியரிடம் வண்டின் முதுகோடு அடிப்பக்கத்தையும் வரையச் சொல். அந்தச் சிறுமியின் கேள்வியைக் கடைசி வரியாக வைத்து, பதில் எழுதப் பிள்ளைகளுக்கு அரைப் பக்கம் வெற்றிடம் விடு. அச்சுக்கு எப்போது போகிறது என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுத் தோழி